கட்டிலருகே நற்செய்தி

மருத்துவமனையில் சேர்ந்த முதல் நாளிலேயே சிலர் எங்களிடம் தயங்கித் தயங்கிச் சில கேள்விகளைக் கேட்பதுண்டு. கட்டிலின் தலைமாட்டில் கொளஞ்சியப்பர் திருநீற்றை வைத்துக்கொள்ளலாமா? காலையில் யாரேனும் ஜெபிக்க வந்தால் வேண்டாம் என்று சொல்லலாமா? அப்படிச் சொன்னால் சிகிச்சையில் ஏதேனும் குறை வருமா? பெரும்பாலும் நோயாளி இவற்றைக் கேட்பதில்லை. மகளோ மருமகனோ எங்களை வராந்தாவில் நிறுத்தி, மற்றவர் காதில் விழாத குரலில் கேட்பார்கள்.

திருநீறு இருக்கலாம். வேண்டாம் என்று சொல்லலாம். சிகிச்சையில் எள்ளளவும் குறை வராது. கேட்டவருக்கு இந்த விடை போதுமானது. ஆயினும் இன்னும் சற்று யோசிப்பவர்கள் அடுத்த கேள்விக்கு வருவார்கள். நற்செய்தியைப் பிறருக்குச் சொல்வது கடமை என்று கிறிஸ்தவர்கள் கருதுகிறார்களே, அப்படியானால் நோயாளியிடம் அதைச் சொல்லாமல் எப்படி இருப்பீர்கள்? இக்கேள்வி நியாயமானது. இதை எழுதும் நாங்கள் பொது மருத்துவப் பிரிவில் பணியாற்றும் மருத்துவர்கள், கிறிஸ்தவர்கள். இதற்கு மழுப்பாமல் விடை சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

முதலில் கடமை உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மத்தேயு எழுதிய நற்செய்தியின் இறுதியில், உயிர்த்தெழுந்த இயேசு தம் சீடர்களை எல்லா மக்களினங்களிடமும் செல்லுமாறு அனுப்புகிறார். லூக்காவின் நற்செய்தியிலோ அனுப்பப்படுவோருக்கு இரண்டு வேலைகள் ஒன்றாகத் தரப்படுகின்றன: சென்ற ஊரில் நோயுற்றோரைக் குணமாக்க வேண்டும், இறைவனின் ஆட்சி அருகில் வந்திருப்பதை அறிவிக்க வேண்டும். குணமாக்குதலும் அறிவித்தலும் ஒரே கட்டளைக்குள் வருவதால்தான், கிறிஸ்தவ அருட்பணி சென்ற இடமெல்லாம் ஆலயத்தை அடுத்து ஒரு மருந்தகமும் எழுந்தது. இந்தக் கடமையை விருப்பமிருந்தால் செய்யும் உபரி வேலையாக நாங்கள் கருதவில்லை. அதை மறைத்துவிட்டு, சேவை மட்டுமே எங்கள் நோக்கம் என்று சொன்னால் அது உங்களிடம் கூறும் பொய்யாகும்.

ஆகவே கேள்வி, கடமை உண்டா இல்லையா என்பதன்று. காய்ச்சலில் படுத்திருப்பவரின் கட்டிலருகே அக்கடமை எந்த வடிவம் கொள்ள வேண்டும் என்பதே கேள்வி. இதற்கான விடையைத் தேட நாங்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. பழைய தென்னார்க்காடு மாவட்டத்திற்குள்ளேயே அதன் பெரும்பகுதி கிடக்கிறது.

கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து விருத்தாசலம் சென்று, அங்கிருந்து சற்றுத் தொலைவு பயணம் செய்தால் கோணான்குப்பம் வரும். இத்தாலியிலிருந்து வந்த இயேசு சபைத் துறவி வீரமாமுனிவர் பதினெட்டாம் நூற்றாண்டில் அங்கே எழுப்பிய ஆலயத்தில் மரியன்னைக்குப் பெரியநாயகி என்று பெயர். விருத்தாசலம் கோவிலில் எழுந்தருளியுள்ள அம்மனுக்கும் அதே பெயர்தான். சூசையப்பரைத் தலைவராகக் கொண்டு 3615 பாடல்களில் தேம்பாவணியை இயற்றிய அவர், சொல்ல வந்ததை இம்மண்ணின் சொல்லில் சொல்ல எவ்வளவு பாடுபட்டார் என்பதற்கு அந்தப் பெயர் ஒன்றே சான்று. பின்னர் 1860களில் டேனிஷ் மிஷனைச் சேர்ந்தோர் தென்னார்க்காட்டிற்கு வந்தனர். பள்ளிகளும் ஆலயங்களும் எழுந்தன. திருக்கோவிலூரில் மருத்துவமனை எழுந்தது. அவர்கள் நட்டதே இன்றைய ஆற்காடு லுத்தரன் திருச்சபை.

நாங்கள் சற்று நின்று பார்க்க விரும்புவது இம்மாவட்டத்தின் மற்றொரு ஊரான திண்டிவனத்தை. 1890களின் முற்பகுதியில், அமெரிக்காவில் படிப்பை முடித்த ஐடா ஸ்கடர் என்ற இளம்பெண் நோயுற்ற தாயைப் பார்த்துக்கொள்வதற்காக அங்கே வந்திருந்தார். அவர் பிறந்தது 1870இல், இராணிப்பேட்டையில். தந்தை மிஷன் மருத்துவர். பாட்டனார் ஜான் ஸ்கடரோ நியூயார்க்கில் நன்றாகத் தொழில் நடத்திக்கொண்டிருந்த மருத்துவர். ஒரு நோயாளியின் வீட்டில் காத்திருந்தபோது கண்ணில் பட்ட சிறு துண்டுநூலைப் படித்து மனம் மாறி, 1819இல் கப்பலேறி யாழ்ப்பாணப் பகுதியிலுள்ள பண்டத்தரிப்பிற்கும், பிற்பாடு சென்னைக்கும் வந்தவர். இப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்தும் ஐடாவுக்கு இந்தியாவில் தங்கும் எண்ணம் சிறிதும் இருக்கவில்லை. வறுமையும் வெயிலும் போதும் என்ற மனநிலையோடு ஊர் திரும்பும் நாளை எண்ணிக்கொண்டிருந்தார்.

ஓர் இரவில் மூவர், ஒருவர்பின் ஒருவராக, அந்த வீட்டின் கதவைத் தட்டினர். ஒருவர் பிராமணர், ஒருவர் இசுலாமியர், மற்றவரும் ஓர் இந்து. மூவரின் மனைவியரும் பிரசவ வேதனையில் இருந்தனர். தனக்கு மருத்துவம் தெரியாது, தந்தையை அழைத்துச் செல்லுங்கள் என்று ஐடா சொன்னார். அந்நிய ஆடவர் தம் மனைவியைத் தொட்டு மருத்துவம் பார்ப்பதற்கு வழக்கம் இடங்கொடுக்காது என்று மூவரும் திரும்பிப் போயினர். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துபோன செய்தி வந்தது.

இக்கதையைத் திருச்சபைகளில் பலமுறை கேட்டிருக்கிறோம். ஐடாவின் அர்ப்பணிப்பை விளக்குவதற்காக அதைச் சொல்வார்கள். எங்கள் கண்ணில் படுவது வேறொன்று. அந்த மூன்று கணவர்களின் வழக்கத்தைப் பழித்து ஐடா கட்டுரை எழுதியிருக்கலாம். அறியாமை இருளில் கிடக்கும் நாடு என்று பேசி நிதி திரட்டியிருக்கலாம். அப்படிப் பேசிய மிஷனரிகளும் இருந்தார்கள். அவரோ அந்தப் பெண்களின் வீட்டுக்குள் நுழையக்கூடிய ஒருவராகத் தம்மை மாற்றிக்கொள்ளப் புறப்பட்டார். கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 1899இல் பட்டம் பெற்று, 1900இல் வேலூரில் தந்தையின் பங்களாவில் ஒரே ஒரு கட்டிலுடன் சிகிச்சை தொடங்கினார். 1902இல் நாற்பது கட்டில்களுடன் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை எழுந்தது. தாம் ஒருவர் போதாது, இந்நாட்டுப் பெண்களே மருத்துவராக வேண்டும் என்று 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். அதுவே வளர்ந்து, 1947இல் ஆண்களையும் சேர்த்துக்கொண்டு, இன்றைய வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாக நிற்கிறது. நம் பகுதியிலிருந்து இன்றும் எத்தனை குடும்பங்கள் கடைசி நம்பிக்கையாக வேலூருக்கு வண்டி ஏறுகின்றன என்பதை நீங்களே அறிவீர்கள்.

குடியாத்தம் சாலையில் வாரந்தோறும் மரத்தடிகளில் நிறுத்தி நிறுத்தி அவர் சிகிச்சை அளித்து வந்தார். அந்த மரத்தடியில் காத்திருந்தோரிடம் இயேசுவைப் பற்றியும் பேசப்பட்டது. இதையும் மறைக்க வேண்டியதில்லை, ஐடா மறைக்கவில்லை. 1960இல் இறக்கும் வரையில், தாம் ஏன் இப்பணியைச் செய்கிறோம் என்பதைக் கேட்டவர்க்கெல்லாம் சொன்னார்.

ஆனால் எங்கள் மருத்துவ வகுப்பினர் எல்லாரையும்விட அதிகம் நினைக்க வேண்டியவர் ஒருவர் உண்டு. தமிழகத்தில் அவர் பெயர் போதிய அளவு தெரியாமல் போனது எங்களுக்கு ஆறாத வருத்தம். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணியாற்றிய சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் அவர். 1822இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்து, 1847இல் இலங்கைக்கு வந்த மிஷன் மருத்துவர். நோய் தீர்த்ததோடு அவர் நிற்கவில்லை. உள்ளூர் இளைஞர்களுக்கு மேனாட்டு மருத்துவத்தைக் கற்பித்தார். அறுபதுக்கும் மேற்பட்டோர் அவரிடம் மருத்துவரானார்கள். தொடக்கத்தில் ஆங்கிலத்தில் நடந்த வகுப்பை 1860களில் தமிழுக்கு மாற்றினார். ஆங்கிலம் கற்ற மருத்துவர்கள் நகரங்களுக்கும் அரசுப் பணிக்கும் போய்விடுவார்கள். தமிழில் கற்றவர்களே கிராமத்தில் தங்குவார்கள் என்பது அவர் கணக்கு. அக்கணக்கு தவறானது என்று இன்றும் யாரும் சொல்ல முடியாது.

தமிழில் கற்பிக்க நூல் வேண்டுமே? அவரே தமிழ் கற்று, தம் மாணவர்களையும் உடன் சேர்த்துக்கொண்டு மொழிபெயர்த்தார். உடற்கூற்றியலுக்கு அங்காதிபாதம், அறுவை மருத்துவத்திற்கு இரணவைத்தியம், மகப்பேற்றுக்குப் பிரசவ வைத்தியம், வேதியியலுக்குக் கெமிஸ்தம் என்று நாலாயிரம் பக்கங்களுக்கு மேல். ஒரு மருத்துவச் சொல்லுக்கு முதலில் தமிழில் இணையான சொல் உண்டா என்று தேடுவார். கிடைக்காவிடில் வடமொழியில் பார்ப்பார். அங்கும் இல்லையெனில் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலிக்கு இசைய எழுதுவார். 1873இல் தாயகம் திரும்பிய பின்னரும் 1884இல் இறக்கும் வரை இந்தப் பணியை விடவில்லை. தமிழருக்கு மருத்துவ நற்செய்தியாளர் என்பதே அவர் கல்லறையில் பொறிக்கப்பட்ட அடையாளம்.

கிரீனிடம் படித்தவர்கள் கிறிஸ்துவை ஏற்க வேண்டும் என்று அவர் விரும்பினார். அதே சமயம் அவர்கள் ஐரோப்பியரைப்போல் உடுத்தி, ஐரோப்பியரைப்போல் வாழத் தொடங்குவதை விரும்பவில்லை. தமிழராகவே வாழும் கிறிஸ்தவர்களே அவருக்கு வேண்டியிருந்தது. தமக்குத் தெரிந்ததில் ஒன்றையும் கைக்குள் மூடி வைத்துக்கொள்ளாமல், கேட்பவரின் மொழியிலேயே அதைக் கொண்டுவந்து கொடுப்பதுதான் அவரது அருட்பணி. நற்செய்தியைப் பகிர்தல் என்ற சொற்றொடரில் பகிர்தல் என்ற சொல்லுக்கு இதைவிடச் சிறந்த விளக்கத்தை நாங்கள் கண்டதில்லை. (நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் ஓர் அமெரிக்கர் இரணவைத்தியத்தைத் தமிழில் தந்திருக்க, இன்றும் பல மருத்துவமனைகளில் அறுவைக்கான ஒப்புதல் படிவம் ஆங்கிலத்தில் அச்சிடப்பட்டு, படிக்கத் தெரியாதவரின் கைநாட்டு அதன்மேல் வாங்கப்படுவதை இங்கே சொல்லாமல் விட மனம் வரவில்லை.)

இவ்வளவு சொன்னவர்கள் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். பழைய மிஷன் மருந்தகங்கள் பலவற்றில் நாளின் வேலை வேத வாசிப்போடும் பிரசங்கத்தோடும் தொடங்கியது. நோயாளிகள் திண்ணையில் அமர்ந்து அதைக் கேட்ட பிறகே மருந்து. யாரும் கையைப் பிடித்து உட்கார வைக்கவில்லைதான். ஆனால் பத்து மைல் நடந்து, காய்ச்சலில் துவண்ட குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த தாய், பிரசங்கம் வேண்டாம் என்று எழுந்து எங்கே போவாள்?

இந்தக் கேள்வியைக் கிறிஸ்தவர்களே எழுப்பினர் என்பது பலர் அறியாதது. அமெரிக்கத் திருச்சபைகளைச் சேர்ந்த பொதுநிலையினர் அமைத்த ஓர் ஆய்வுக்குழு, ஹார்வர்டு பல்கலைக்கழகத் தத்துவப் பேராசிரியர் வில்லியம் எர்னஸ்ட் ஹாக்கிங் தலைமையில் இந்தியா, பர்மா, சீனா, ஜப்பான் ஆகிய நாடுகளின் மிஷன் பணிகளை ஆராய்ந்து 1932இல் அறிக்கை வெளியிட்டது. மருத்துவ சேவையை மதம் மாற்றும் நேரடிக் கருவியாகப் பயன்படுத்துவதும், நோயாளி விலகிப் போக வழியில்லாத வார்டுகளில் பிரசங்கம் செய்வதும் நுட்பமான வற்புறுத்தலே என்று அந்த அறிக்கை கண்டித்தது. அறிக்கையின் இறையியலைப் பலர் ஏற்கவில்லை. 1938 டிசம்பரில் சென்னையை அடுத்த தாம்பரத்தில், கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்தில் உலக மிஷனரி மாநாடு கூடியபோது, டச்சு அறிஞர் ஹெண்ட்ரிக் கிரேமர் அதற்கு எழுதிய மறுப்பே முதன்மையான விவாதப் பொருளாயிற்று. கிறிஸ்துவின் தனித்துவத்தைக் கரைத்துவிட்டு மிஷன் என்ற சொல்லுக்குப் பொருளில்லை என்பது கிரேமரின் வாதம்.

எங்களைக் கேட்டால், கிறிஸ்துவைப் பற்றிய நம்பிக்கையில் நாங்கள் கிரேமரின் பக்கம். வார்டு விஷயத்தில் ஹாக்கிங்கின் பக்கம். இரண்டுக்கும் முரணில்லை.

ஏனென்று மருத்துவர்களாகவே விளக்குகிறோம். மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருப்பவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கும் மனிதர் அல்லர். அவர் மேல் இருப்பது தம் துணியன்று. எப்போது உண்ண வேண்டும், எப்போது உறங்க வேண்டும் என்பதையும் பிறர் தீர்மானிக்கிறார்கள். இரத்தத்தில் பிராணவாயு குறையும்போது சிந்தனை மங்குகிறது. கடும் காய்ச்சலிலும் சர்க்கரை தாழும்போதும் குழப்பம் வருகிறது. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, ஊசியைக் கையில் பிடித்திருப்பவர் சொல்வதற்கு மறுப்புச் சொல்ல அச்சம். அச்சம் இல்லாதவருக்கும் நன்றியுணர்ச்சி உண்டு. உயிரைக் காத்த டாக்டர் வருத்தப்படக்கூடாதே என்று தலையாட்டிவிடுவார். அந்தத் தலையாட்டலை விசுவாசம் என்று எண்ணுவது நோயாளிக்கும் அநீதி, நற்செய்திக்கும் அவமதிப்பு.

நற்செய்தி நூல்களே இதைக் கற்பிக்கின்றன. எரிகோ சாலையில் கூவி அழைத்த பார்வையற்ற பர்த்திமேயுவிடம், தாம் அவனுக்கு என்ன செய்ய வேண்டும் என்று இயேசு கேட்டார். பார்வையற்றவனுக்கு என்ன தேவை என்பது வழியில் நின்ற எல்லாருக்கும் தெரிந்ததுதான், என்றாலும் கேட்டார். குளத்தருகே 38 ஆண்டுகள் படுத்திருந்தவனிடமும், குணமாக விருப்பமுண்டா என்று கேட்ட பிறகே பேச்சு தொடர்ந்தது. இன்று மருத்துவத்தில் நோயாளியின் ஒப்புதல் என்று நாங்கள் பாடமாகப் படிப்பதற்கு அங்கே வேர் இருக்கிறது. தொழுநோயாளர் பதின்மர் குணமான நிகழ்ச்சி இன்னும் கூர்மையானது. திரும்பி வந்து நன்றி சொன்னவர் ஒருவரே. அவரும் யூதர் வெறுத்த சமாரியர். மற்ற ஒன்பது பேர் வரவில்லை. எங்கே அந்த ஒன்பது பேர் என்று இயேசு கேட்டார். ஆனால் அவர்கள் பெற்ற குணம் திரும்ப எடுத்துக்கொள்ளப்படவில்லை.

காந்தியடிகள் மிஷன் மருத்துவமனைகளைப் பற்றிக் கடுமையாக எழுதியவர். உதவி செய்யுங்கள், ஆனால் உதவியின் அடியில் மதமாற்ற நோக்கத்தை வைக்காதீர்கள் என்று பலமுறை வற்புறுத்தினார். அதே காந்தியடிகள் 1921இல் நம் மாவட்டத்துப் பறங்கிப்பேட்டைக்கு வந்து ஒரு கிறிஸ்தவப் பெண்கள் பள்ளிக்கு அடிக்கல் நாட்டினார். டென்மார்க்கிலிருந்து மிஷனரியாக வந்து, பின் மிஷனை விட்டு விலகி, தேசிய இயக்கத்தோடு இணைந்து நின்ற ஆன் மேரி பீட்டர்சன் தொடங்கிய பள்ளி அது. கிறிஸ்தவராக இருப்பதை அவர் விட்டுவிடவில்லை. எந்த நோக்கமும் அடியில் ஒளிந்திருக்காதபோது காந்தியடிகளுக்கு மறுப்பும் இருக்கவில்லை.

நம் அரசமைப்புச் சட்டத்தின் 25ஆம் பிரிவு, ஒரு மதத்தைப் பின்பற்றுவதோடு அதைப் பரப்புவதற்கும் உரிமை தருகிறது. பொது ஒழுங்கு, அறநெறி, சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டு. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் பரப்புதல் என்ற சொல் எதிர்க்கப்பட்டபோது, அதற்கு ஆதரவாக எழுந்தவர்களுள் நம் டி.டி. கிருஷ்ணமாச்சாரியும் ஒருவர். கிறிஸ்தவக் கல்வி நிலையங்களில் தாம் பதினான்கு ஆண்டுகள் படித்ததாகவும், தம்மை மதம் மாற்ற எந்த முயற்சியும் நடக்கவில்லை என்றும் அவர் சபையில் கூறினார். ஓர் உரிமையைக் காப்பாற்றித் தந்தது, அந்த உரிமையை வகுப்பறைக்குள் அடக்கத்தோடு கையாண்ட ஆசிரியர்களின் நடத்தை என்றே இதைப் படிக்கத் தோன்றுகிறது. பின்னர் 1977இல் உச்ச நீதிமன்றம், பரப்பும் உரிமை என்பது தம் சமயக் கொள்கையை எடுத்துரைக்கும் உரிமையே, இன்னொருவரை மாற்றும் உரிமையன்று என்று தீர்ப்பளித்தது. நாங்கள் நீதிபதிகள் அல்லோம். ஆனால் வார்டைப் பொறுத்தவரை அந்தக் கோட்டைத் தாண்ட வேண்டிய தேவை எங்களுக்கு நேர்ந்ததில்லை.

இனி நடைமுறை. எங்களுள் ஒருவர் உங்களுக்காக ஜெபிக்க விரும்பினால் முதலில் கேட்பார். வேண்டாம் என்றால் அதோடு அப்பேச்சு முடியும்; மறுநாள் மீண்டும் கேட்கமாட்டார். உணர்விழந்தவருக்கு அருகே நின்று, அவர் குடும்பத்தார் கேளாமல், உரக்க ஜெபிப்பதில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் அழுதுகொண்டிருப்பவரிடம் துண்டுப்பிரசுரம் தருவதில்லை. கட்டணச் சலுகை கேட்பவரிடம் அவர் எந்தக் கோவிலுக்குப் போகிறார் என்று விசாரிப்பதில்லை. மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பருக்குப் பிராது கட்டிவிட்டு வந்திருக்கிறோம் என்று சொல்பவரிடம், எங்கள் இரத்தப் பரிசோதனையையும் அதோடு சேர்த்துப் பார்ப்போம் என்று சொல்லிச் சிரித்துக்கொள்வோம். ரமலானில் நோன்பு நோற்க விரும்பும் நீரிழிவு நோயாளிக்கு, நோன்பு அவருக்குத் தகுமா என்பதையும், தகுமெனில் மருந்து வேளைகளை எப்படி மாற்ற வேண்டும் என்பதையும் மாதத்திற்கு முன்பே உட்கார்ந்து பேசுகிறோம்.

உடனிருப்போருக்கு, குறிப்பாக எங்களைப்போன்ற கிறிஸ்தவக் குடும்பத்தாருக்கு, சில வார்த்தைகள். பார்வையாளர் நேரத்தில் உங்கள் உறவினருக்காக ஜெபிக்கச் சபையார் வருவது எங்களுக்கும் மகிழ்ச்சியே. வந்தவர்கள் அப்படியே அடுத்த கட்டிலுக்கு நகர்வதுதான் சிக்கல். அங்கே படுத்திருப்பவர் உங்களை அழைக்கவில்லை. இந்த நோய் உன் பாவத்தினால், உன் முன்னோர் சாபத்தினால் என்று யாரேனும் சொன்னால் அது இன்னும் கொடியது. பிறவியிலேயே பார்வையற்றவனைக் காட்டி, இது யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டபோது இயேசு அந்தக் கணக்கையே ஏற்கவில்லை. பீங்கான் சூளைகளிலும் அரைவை ஆலைகளிலும் இருபது ஆண்டுகள் மணற்தூசியைச் சுவாசித்து நுரையீரல் இறுகிப்போனவருக்கு நோய் வந்த காரணம் சிலிக்கா. அதை நாங்கள் எக்ஸ்ரே படத்தில் காட்ட முடியும். முகக்கவசமும் தூசி உறிஞ்சும் கருவியும் வேலையிடத்தில் இருந்திருந்தால் பெரும்பாலும் தடுத்திருக்கவும் முடியும். அவரிடம் பாவத்தைப் பற்றிப் பேசப் போகிறவர், முதலில் அந்த ஆலையின் தூசியைப் பற்றிப் பேசட்டும்.

மருந்தை நிறுத்தச் சொல்லும் அறிவுரை வேறு வகையான ஆபத்து. எந்தச் சமயத்தின் பெயரால் சொல்லப்பட்டாலும் எங்கள் விடை ஒன்றே. காசநோய்க்கு முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்துகள் என்பது வழக்கமான முறை. இருமல் மூன்றாம் வாரத்திலேயே அடங்கிவிடலாம், கிருமி அடங்கியிருக்காது. குணமாகிவிட்டேன் என்று சாட்சி சொல்லி மாத்திரையை நிறுத்தியவருக்கு நோய் மீண்டும் வரும்போது, அதே மருந்துக்கு அது கட்டுப்படாமல் போகக்கூடும். முதல் வகை நீரிழிவு உள்ள குழந்தைக்கு இன்சுலினை நிறுத்தினால் சில நாட்களுக்குள், சில வேளை ஒரே நாளில், இரத்தம் அமிலமாகி உயிர் போகும். வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் ஓயாத வலிப்பு வரலாம். ஜெபித்துவிட்டு மருந்தை விழுங்குவதில் விசுவாசக் குறைவு ஏதுமில்லை. ஐடா ஸ்கடர் ஜெபித்தார், கத்தியையும் எடுத்தார்.

இன்னொன்று, சிறியதுபோல் தோன்றும். அரைமயக்கத்தில் இருப்பவரின் வாயில் கோவில் தீர்த்தமோ, வேளாங்கண்ணியிலிருந்து கொண்டுவந்த நீரோ எண்ணெயோ, ஜம்ஜம் நீரோ எதையும் ஊற்ற வேண்டாம். விழுங்கும் திறன் மங்கியிருக்கும்போது அது மூச்சுக்குழலுக்குள் இறங்கி நிமோனியா உண்டாக்கும். நெற்றியிலோ உதட்டிலோ விரலால் தொட்டு வைக்கலாம். ஆக்ஸிஜன் ஓடும் இடத்தில் மெழுகுவர்த்தியும் கற்பூரமும் ஊதுபத்தியும் கூடவே கூடாது.

இத்தனை விலக்குகளுக்குப் பின் நாங்கள் எப்போதுதான் பேசுகிறோம் என்று கேட்கலாம். கேட்கும்போது பேசுகிறோம். இரவு இரண்டு மணிக்கு, மற்றவர்கள் உறங்கும் வேளையில், நாடி பார்க்க வந்தவரின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு, செத்த பிறகு என்ன ஆகும் டாக்டர் என்று சிலர் கேட்கிறார்கள். சிகிச்சையால் இனிப் பயனில்லை என்று தெரிந்த நோயாளிகள் பெரும்பாலும் இதைத் தம் மக்களிடம் கேட்பதில்லை. மக்கள் அழுவார்கள் என்று அஞ்சுகிறார்கள். அப்போது நாங்கள் முதலில், நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் ஐயா என்று திருப்பிக் கேட்கிறோம். அவர் தம் குலதெய்வத்தைப் பற்றிச் சொல்லலாம், இறந்துபோன மனைவியைப் பற்றிச் சொல்லலாம். முழுவதும் கேட்கிறோம். அதன் பிறகும், நீங்கள் என்ன நம்புகிறீர்கள் என்று அவர் கேட்டால், சொல்கிறோம். சிலுவையில் இறந்து உயிர்த்தெழுந்த ஒருவர் எங்களை மரணத்திலும் கைவிடமாட்டார் என்று நம்புகிறோம் என்பதே எங்கள் விடை. அந்த வார்த்தைகளைச் சொல்லாமல் விழுங்கிவிட்டு வேறு பேச்சுக்குத் தாவுவது, கேட்டவரை ஏமாற்றுவதாகும். சிலர் மேலும் கேட்கிறார்கள். சிலர் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். மறுநாள் காலை மருந்துச்சீட்டில் இரண்டு வகையினருக்கும் ஒரே அளவு மார்ஃபின்தான் எழுதப்படுகிறது.

உங்கள் சமய வழக்கத்தின்படி குருக்களையோ இமாமையோ போதகரையோ நோயாளியைப் பார்க்க அழைத்து வர விரும்பினால், வார்டின் பொறுப்புச் செவிலியரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். நேரமும் திரையும் ஏற்பாடு செய்து தருவார்கள். சமயம் குறித்து ஊழியரோ வெளியாரோ யாரேனும் உங்களை நெருக்கினாலும் அவரிடமே சொல்லலாம். உங்கள் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. கட்டில் எண் போதும்.